கல்வெட்டுக்குக் கொடுத்த படம்

அக்கா, அத்தானின் ஆண்டுத் திவசத்துக்குப் பெரிதாக்கி மாட்டவென்று, முப்பத்தோராம் நாள் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தின் அட்டையில் போட்ட படத்தின் மூலப்படத்தைக் கேட்டிருந்தீர்கள். மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். நான் அனுப்பாததற்குச் சோம்பல் காரணமில்லை. அது பெரிய படமொன்றிலிருந்து வெட்டியெடுத்த துண்டு. முழுப்படத்தையும் அனுப்பினால் கொஞ்சம் விளக்கமும் சொல்ல வேண்டிவரும். செவ்வாய்க்கிழமை கடவை காத்த வீரம்மாமேல் போட்ட வழக்கில் நீங்கள் சாட்சி சொல்லப் போவதால், அதற்கு முதல் சொல்லிவிடுவதுதான் முறை.

ரயிலைப் படம் எடுக்கிறவனுக்கு முதல் எதிரி மாடு. இதை நீங்கள் வீட்டில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக் காட்டுவீர்கள். பரந்தனுக்குத் தெற்கே அந்த ரயில் கடவையில் இரண்டு வருடம் நின்றேன். வளைவு, மேட்டில் தண்டவாளம், இரண்டு பக்கமும் வயல், பின்னால் மூன்று பனை. இதைவிட நல்ல இடம் வன்னியில் இல்லை. ஆனால் ஒரு நாள் மாடு. ஒரு நாள் குடையோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒரு நாள் லண்டனிலிருந்து வந்த ஒருவர் ரயிலுக்கு முன்னால் தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டு நின்றார். எல்லாம் சரியாக வந்த ஒரு நாளில் பற்றரி செத்தது.

மற்ற எல்லாம் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. வீரம்மா மட்டும் எல்லா நாளும் வந்தார்.

அவர்மேல் குறை சொல்லவில்லை. கடவையில் தடி போடுவதும் தூக்குவதும் அவருடைய வேலை. மணியும் இல்லை, விளக்கும் இல்லை. நேரம் எழுதின ஒரு கொப்பி, ஒரு சிவப்புக் கொடி, குறுக்கே போட ஒரு நீளத் தடி. தடி விழுந்ததும் பத்து மோட்டார் சைக்கிள் சேர்ந்துவிடும். வீரம்மா நடுவில் கொடியோடு நிற்பார். எஞ்சினின் முகத்துக்கு முன்னால், ஒவ்வொரு படத்திலும், அந்தச் சிவப்புத் துணி.

"தம்பிக்கு என்ர மூஞ்சி பிடிக்கேல்ல" என்பார். "ரயில விட நான் வடிவா விழுந்திருவன் எண்டு பயம், என்ன?"

கடவையில் நின்றால் நாயுண்ணிப் பற்றை வளைவை மறைத்துவிடும். ரயில் தலைக்கு மேல் வந்த பிறகுதான் தெரியும். நான் நிற்கிற மதகு வளைவின் வெளிப்பக்கம். அங்கிருந்து பார்த்தால் தூரத்திலேயே தெரியும். அதோடு ரயில் படம் எடுக்கிறவர்களின் வட்ஸ்அப் குறூப்பில் எந்த ரயில் எங்கே நிற்கிறதென்று எங்கள் பெடியள் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அதனால் வீரம்மாவே ஒரு ஒழுங்கு கேட்டார்.

"ஒரு மிஸ்கோல் அடிச்சா மூடுறன். ரெண்டு அடிச்சா, ரயில் சுணங்குது எண்டு தூக்கிவிடுறன். ஒண்டு மூட, ரெண்டு திறக்க. சரிதானே தம்பி? உங்களுக்கும் காசு போகாது, எனக்கும் ஃபோன் எடுக்கிற கரைச்சல் இல்ல."

ஒன்றரை வருடம் அப்படித்தான் நடந்தது. கொப்பியை அவர் பிறகு திறக்கவே இல்லை. நான் ஒரு நாளும் பிழைவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

போன மாசியில், பழைய கனடா எஞ்சின் ஒன்று கடைசி ஓட்டத்துக்காகப் புதுப் பூச்சோடு, வெள்ளி நிறத்தில், ஒரே ஒரு தடவை வடக்கே வருகிறதென்று குறூப்பில் வந்தது. அடுத்த கிழமை அதை உடைக்கப் போகிறார்களாம். கொழும்பிலிருந்து பெடியள் கேட்டிருந்தார்கள், "சாருஜன், அந்தப் பனையோட ஒரு படம், வேற ஒண்டும் இல்லாமல்." வேறொன்றும் இல்லாமல் என்பதுதான் முக்கியம். அது விசேட ரயில். வீரம்மாவின் கொப்பியில் அதற்கு நேரம் இல்லை. எப்போது வருமென்று நான் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

அன்று காலை பத்து மணிக்கு மாங்குளம் தாண்டியாச்சு என்று செய்தி வந்தது. வீரம்மா ஏதோ வருகிறதென்று கேள்விப்பட்டு, முன்கூட்டியே தடியைப் போட்டுவிட்டு நின்றார். சனம் சேரத் தொடங்கியது. கிளிநொச்சி தாண்டியாச்சு என்று அடுத்த செய்தி வந்தபோது நான் இரண்டு மிஸ்கோல் அடித்தேன்.

பொலிசுக்கு நான் ஒன்று என்றுதான் சொன்னேன். அது உங்களுக்குத் தெரியும்.

தடி தூக்கினால் நிற்கிற சனம் எல்லாம் கடந்து போய்விடும், பாதை வெறுமையாகும், ரயில் வரும், படம் எடுப்பேன், அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் நடக்காது என்று கணக்குப் பார்த்துத்தான் செய்தேன். நான் நினைத்தபடியே நடந்தது. எல்லாரும் போனார்கள். வீரம்மா கொடியைச் சுருட்டிக்கொண்டு தண்ணி குடிக்கக் கொட்டிலுக்குள் போனார். மூன்று பனையும் கழுவினமாதிரி நின்றன.

அப்போதுதான் அத்தானின் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் வந்தது. பெட்டி நிறைய நெல் மூட்டை.

அத்தான் கவனமான மனிசன். தடி தூக்கியிருந்தும் அவர் மேட்டுக்குக் கீழே நிறுத்தினார். லான்ட்மாஸ்டர் போடுகிற சத்தத்தில் ரயில் ஹோர்ன் கேட்காது. பற்றையால் ஒன்றும் தெரியாது. அதனால் அவர் எப்போதும் என்னைத்தான் பார்ப்பார். நான் கையைக் காட்டினால் நிற்பார், அசைத்தால் போவார்.

அவர் நின்ற இடம்தான் பிரச்சினை. லான்ட்மாஸ்டரின் முன்பாதி படத்துக்குள் நின்றது. முழுவதும் நின்றிருந்தாலாவது வயல் வேலை என்று ஒரு அர்த்தம் வந்திருக்கும். பாதி நிற்பது ஒன்றுக்கும் உதவாது. எஞ்சின் வளைவில் வெள்ளியாகத் தெரிந்தது. கமரா தாங்கியில் இருந்தது, வலது கை பொத்தானில் இருந்தது. நான் இடது கையைத் தூக்கி, போங்கோ போங்கோ என்று அசைத்தேன்.

கடந்துவிடுவார் என்று நினைத்ததாக இவ்வளவு நாளும் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் அன்று காலை உங்கள் குசினியில் தேத்தண்ணி குடிக்கும்போது அவர் என்னிடம்தான் சொன்னார்.

"மச்சான், பாரம் ஏத்தினா இவன் அந்த மேட்டில இழுக்கிறான் இல்லை. பெல்ட் வழுக்குது. நேற்று தண்டவாளத்தில நிண்டுட்டான், நாலு பேர் தள்ளித்தான் ஏத்தினது."

சொல்லிவிட்டு வழக்கம்போல நக்கலும் அடித்தார். "உந்த இரும்பையே எத்தினை எடுப்பாய்? என்னையும் ஒருக்கா வடிவா எடன்."

ஆகவே எனக்குத் தெரியும். தெரிந்துதான் கையை அசைத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, சரி என்பதுபோலக் கையைப் பாதி தூக்கி, கியரைப் போட்டார். லான்ட்மாஸ்டர் தண்டவாளத்தில் நின்றுவிட்டது. அவர் இறங்கி ஓடியிருக்கலாம். மூட்டையை விட மனமில்லை, தள்ளப் பார்த்தார். நான் கத்தவில்லை. கத்தினாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிராது. அவர் சிரித்ததிலிருந்து பதினொரு படம் எடுத்தேன். ஒன்றில்கூட எஞ்சின் தனியாக இல்லை.

அதற்குப் பிறகு நான் பதறவில்லை என்று சனம் மெச்சினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதலில் வீரம்மாவிடம் ஓடினேன். அவர் கொட்டில் வாசலில் இருந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். அம்புலன்சுக்கு எடுக்கவேண்டும் என்று அவருடைய சின்ன ஃபோனை வாங்கினேன். அம்புலன்சுக்கு எடுத்தேன், அது உண்மை. எடுத்த பிறகு, என்னுடைய இரண்டு மிஸ்கோலில் ஒன்றை அழித்துவிட்டுக் கொடுத்தேன். என்னுடைய ஃபோனிலும் அப்படியே செய்தேன்.

"ரெண்டு வந்தது ஐயா, அதுதான் தூக்கினன்" என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஃபோனைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒன்றுதான் இருந்தது. எங்கள் ஆட்கள் மலையகத்திலிருந்து வந்த சனத்தின் பேச்சை எவ்வளவு நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். "தோட்டக்காட்டாள் நித்திரை கொண்டிட்டு இப்ப கதை விடுறாள்" என்று செத்தவீட்டில் முதலில் சொன்னது நீங்கள்தான். நான் அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பிறகு கல்வெட்டுக்குப் படம் தேடினீர்கள். அத்தான் சிரிக்கிற மாதிரி ஒன்றுகூட வீட்டில் இல்லை என்று அழுதீர்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் என்னிடம் இருந்ததிலிருந்து வெட்டிக் கொடுத்தேன். பதினொன்றில் மூன்றாவது. அறுவடை வயலில் எடுத்தது என்று சொன்னேன். என்ன உயிரோட்டம், நேரே எங்களையே பார்க்கிறார் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் பார்ப்பது என் கையை.

நான் வந்திருக்கிற இந்த நாட்டில் கடவைகள் தானாக மூடித் தானாகத் திறக்கின்றன. யாரும் யாரையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை. என் அகதி வழக்கு அடுத்த மாதம். ஊரிலிருந்து என்மேல் குறை சொல்லி ஒரு கடிதம் வந்தாலும் எல்லாம் கெட்டுவிடும் என்று வழக்கறிஞர் சொல்கிறார். அம்மாவும் நீங்களும் என்னை நம்பித்தான் இருக்கிறீர்கள்.

மூலப்படத்தை இத்துடன் அனுப்புகிறேன். வலப்பக்க மூலையில் பனைக்குக் கீழே வெள்ளியாகத் தெரிவதுதான் எஞ்சின். அதை வெட்டிவிட்டுப் பெரிதாக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. பிறகு இந்தச் செய்தியை அழித்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை வீரம்மா நித்திரை கொண்டார் என்றெல்லாம் சொல்லவேண்டாம், அது பொய். கவனக்குறைவு என்றால் போதும். நீதிமன்ற வாசலில் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பாதீர்கள். வயதுபோன மனிசி, பிழை எல்லாருக்கும் வரும். நான் அவரை எப்போதோ மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.