வெற்றிடத்தில் வியர்வை

ஜனவரி. மாலை ஆறரை. புசா ரோட்டிலிருந்து காட்டுக்குள் பிரியும் சாலை... ஒரே பனிமூட்டம். ஸ்கூட்டர் வெளிச்சம் சக்கரத்தைத் தாண்டவில்லை. ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தான் சேஷு. நம் வத்சலாவின் தம்பிதான், அங்கே ஆராய்ச்சி மாணவன். ப்ரசன்னா, கதை சொல்லும்போது சிரிக்காதே. ரஜாய்ப் போர்வையை இந்தப் பக்கமும் கொஞ்சம் இழு.

அங்கே ஓர் எஃகுக் கலம். உள்ளே காற்றே கிடையாது. தங்கத் துண்டு ஒன்றின் மேல் அயனிகளை எறிவார்கள். மோதித் திரும்பும் வேகத்தை வைத்து, மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கும் அணு எது என்று சொல்லிவிடலாம். மேல்வரிசை மட்டும்தான், அடியில் இருப்பது தெரியாது. சர்க்கார் ஆபீஸ் மாதிரி.

அந்தக் கலத்தை வருடக்கணக்கில் பாடுபட்டுக் கட்டியவள் இந்திராணி. கலத்தைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் ஆவியாகி அறையை நிறைத்தால் மூச்சுக்குக் காற்றிருக்காது, எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இயக்குநர் ராமச்சந்திரன் முதலில் பளிங்குக் கல்வெட்டு வைத்தார். தன் பெயர், தங்க எழுத்தில். கலத்துக்கு எலுமிச்சை மிளகாய் கட்டினார். விஞ்ஞானி அல்லவா! ஃபேன் அடுத்த பட்ஜெட்டில் என்றார். நவம்பரில் இந்திராணி அந்த அறையிலேயே மூச்சடைத்துச் செத்துப்போனாள்.

"நாளைக்கு விசாரணைக் கமிட்டி கேட்டா, ஃபேன் ஓடிண்டிருந்ததுன்னு சொல்லிடு. உன் தீசிஸ் என் மேஜைலதான் கெடக்கு. அச்சா?"

அன்று காலை இயக்குநர் இப்படிச் சொன்னபோது சேஷு தலையாட்டியிருந்தான். கமிட்டிக்குக் காட்டச் சுத்தமான அளவீடும் ஒன்று வேண்டுமாம். அதற்குத்தான் வந்தான்.

அயனிகளால் தங்கத்தின் மேல்தோலைச் சுரண்டிவிட்டு அளந்தான். திரையில் தங்கம் மட்டும் வர வேண்டும். பக்கத்திலேயே சோடியம்... குளோரின். உப்பு. கைவியர்வை. மறுபடி சுரண்டினான். மறுபடி உப்பு. அதுவும் மேல்வரிசையில். அப்படியென்றால், யாரோ இப்போதுதான் தொட்டிருக்கிறார்கள். மூடிய கலத்துக்குள்.

பம்ப்பின் ங்ங்ங் சத்தம். அழுத்தம் காட்டும் எண் ஏறியது... இறங்கியது. ஏறியது... இறங்கியது. அறையில் சோம்பு வாசனை. இந்திராணி எப்போதும் மென்றுகொண்டிருப்பாள்.

ஓடிவந்துவிட்டான்.

மறுநாள் கமிட்டி முன் இயக்குநர் எழுந்தார். நிறுவனத்தின் பெருமை, தேசத்தின் பெருமை, தன் பெருமை எல்லாம் தடையில்லாமல் வந்தன. "அன்னிக்கு அறையில ஃபேன் ஓடி..." என்றபோது நின்றார். வாய் திறந்தபடி. மூச்சு உள்ளே போகவில்லை. முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. தண்ணீர், டாக்டர், ஜல்தி ஜல்தி என்று கூச்சல்.

சேஷு எழுந்தான். தீசிஸ் போனால் போகிறது.

"ஃபேனே கெடையாது சார். இந்திராணி கேட்டுண்டே இருந்தா, இவர் மாட்டலை."

அப்போதுதான் இயக்குநருக்கு மூச்சு வந்தது. விசில் மாதிரி.

ஃபேன் இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் அறைக்குப் போனார்கள். கலத்தின் வட்டக் கண்ணாடி பனித்திருந்தது. சேஷு கைக்குட்டையால் துடைத்தான். போகவில்லை. அழுத்தித் துடைத்தான்.

பனி உள்பக்கம்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதில் ஒவ்வொன்றாக... ஐந்து விரல் பதிந்தது.