மஞ்சளுக்குக் கூப்பிடக் கூடாது

நான் தினமும் விடியுமுன் குளித்துவிடுகிறவன். அழுக்கு எனக்கு ஆகாது. இந்தப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவே கூசுகிறது. சொல்வதை எழுதுங்கள், எழுதியதை இரண்டு தரம் படித்துக் காட்டுங்கள். மூன்றாவதோடு பள்ளிக்கூடம் நின்றவன் நான். எழுதத் தெரிந்தவர்களை நம்புவதில்லை.

நஞ்சன்கூடு ரோட்டில் அந்த செல்போன் டவருக்கு ஒன்பது வருடமாகக் காவல். மிஷின் ரூம் சுவரில் ஒரு பலகை, அதில் மூன்று விளக்கு. மஞ்சள் என்றால் சின்னப் பழுது, ஆரஞ்சு என்றால் பெரிது, சிவப்பு என்றால் ஆபத்து. எது எரிந்தாலும் டெக்னீஷியன் உதயகுமாருக்கு நான் போன் செய்ய வேண்டும்.

அவன் எங்கள் தமிழ்ப் பையன்தான், வளர்ந்தது மைசூரில், பேச்சில் கன்னடம் கலக்கும். வாய் நிறைய குட்கா. நான் துடைத்து வைத்த தரையில் என் கண்ணெதிரே துப்புவான். எச்சிலும் பாக்குமாக அந்தக் கொழகொழப்பை நான்தான் வழித்தெடுக்க வேண்டும்.

போன மாதம் பேட்டரி ரூமில் அழுகிய முட்டை நாற்றம். பேட்டரியெல்லாம் வயிறு உப்பிக் கிடந்தது. சூடு ஏறிச் சிவப்பு எரிந்தது. கூப்பிட்டேன். வந்தவன் பேட்டரியைத் தொடவில்லை. லேப்டாப்பைச் சொருகி, அந்தப் பழுதை மஞ்சளுக்கு இறக்கிவிட்டான். சிவப்பென்றால் நாலு மணி நேரத்தில் வந்தாக வேண்டுமாம். மஞ்சளென்றால் ஒரு நாள் பொறுக்கலாமாம்.

"தாத்தா, இனிமே மஞ்சள்தான் எரியும். அதுக்கெல்லாம் சும்னே போன் பண்ணி உயிரை வாங்காதீங்க. ஒரு நாள் போகட்டும், அப்புறம் கூப்பிடுங்க."

"நாத்தம் தாங்கலீங்க தம்பி," என்றேன்.

"மூக்கைப் பொத்திக்குங்க," என்று துப்பிவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை மதியம், மேலே இருப்பவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு பேட்டரி மாற்ற வந்தான். அந்த ரூமுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, பொறி பறந்தால் வெடிக்கும். அதனால் போனை என் மேஜையில் வைத்தான். படியில் ஒரு தரம் துப்பிவிட்டு உள்ளே போனான். நான் கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாள் போட்டேன். அந்த விஷ நாற்றத்தை வெளியே தள்ளுகிற ஃபேனையும் அணைத்தேன். சுவிட்ச் வெளியேதான் இருக்கிறது.

கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். கோபமில்லை, அருவருப்பு. படியைப் பினாயில் ஊற்றிக் கழுவினேன்.

அரை மணியில் விளக்கு எரிந்தது. மஞ்சள். மஞ்சளுக்கு உடனே கூப்பிடக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். களியைத் தின்றேன், தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். அவன் போன் ஆறேழு தரம் அடித்தது. அடுத்தவர் பொருளை நான் தொடுவதில்லை. மறுநாள் மதியம், சரியாக ஒரு நாள் ஆனதும், மஞ்சள் எரிகிறது என்று ஆபீசுக்குச் சொன்னேன். ஒரு நிமிடம் முன்பின் இல்லை.

அவன் கதவைத் தட்டியது கேட்டதா என்கிறீர்கள். கேட்டது, அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணி வரைக்கும். பலகையைப் பார்த்துப் போன் செய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். கதவு தட்டுவதற்கு அதில் விளக்கு இல்லை.