மூணு பர்சென்ட் ஸ்காட்லாந்து

ஹலோ... விஷாகா? அம்மாடி... மீட்டிங்கா? இங்க உங்கப்பா பாவாடை கட்டிட்டு நிக்கறாரு, உனக்கு மீட்டிங்கா?... ஆமாண்டி, கட்டம் போட்ட பாவாடை... சரி சரி, கில்ட். பேர் மாத்தினா மட்டும் குளிராதா? பிரிட்ஜ்வாட்டர் ஊரு பூரா பனி கொட்டுது...

எல்லாம் நீ அனுப்பின டிஎன்ஏ கிட்டால வந்த வினை. ரெண்டு பேரும் ட்யூப்ல எச்சில் துப்பி அனுப்பினோம். இவருக்குப் பூர்வீகம் மூணு பர்சென்ட் ஸ்காட்லாந்துன்னு வந்ததுலேர்ந்து மனுஷன் தரைல நிக்கலை. முப்பது வருஷமா பொங்கலுக்கு வேட்டி கட்டுங்கன்னு கெஞ்சினேன், கட்டினாரா?... கொசுவத்தை வேற முன்னாடி விட்டுட்டு நிக்கறாரு. படத்துல பின்னாடிதானே இருக்குன்னு சொன்னா, "எங்க ஆளுங்களைப் பத்தி உனக்கென்ன தெரியும்"ங்கறாரு...

ம்... ம்... கோயில்லயும் மானத்தை வாங்கிட்டாரு. அர்ச்சனைக்கு நிக்கும்போது, கோத்திரத்தோட ஸ்காட்லாந்தையும் சேக்கணுமான்னு பட்டரைக் கேக்கறாரு... சிரிக்காதே!

கேளு. ஆறு மணிக்கு ஸ்காட்டிஷ் சங்கத்துல டின்னர். ஹாகிஸாம். ஆட்டு வயித்துக்குள்ள ஈரல், ஓட்ஸெல்லாம் அடைச்சு வேக வெக்கறது... இவரா? முட்டை போட்ட கேக்கே தொட மாட்டாரு! நினைச்சாலே குமட்டுதாம், ஆனா சாப்பிடலைன்னா மூதாதையர் மனசு நோகுமாம். அதனால ஓட்ஸ் உப்புமாவை இட்லித் துணில மூட்டை கட்டித் தரணும்னாரு, தந்துட்டேன், கோட்டுக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டுப் போவாராம்...

ஆமா... ஆமா... நீ ஒண்ணு பண்ணு, அந்த வெப்சைட்டுக்குள்ள போய் மூணை சைபர்னு மாத்திடு... முடியாதா? சும்மா ட்ரை பண்ணேன்... பாக்கறியா? பாரு...

என்னது?... அப்பா ரிப்போர்ட்லயா? பொம்பளைன்னா போட்டிருக்கு?... என்னடி உளர்றே?... என்னோடதுல ஆம்பளைன்னா?...

ஐயையோ.

இல்லடி... புதுசா எது வந்தாலும் மஞ்சள் குங்குமம் வெப்பேன் இல்ல... ட்யூப்புக்கும் வெச்சேன். ஸ்டிக்கர் நம்பர் எல்லாம் செவப்பாயிடுச்சு. உரிச்சுத் துடைச்சுத் திரும்ப ஒட்டினேன்... மாத்தித்தான் ஒட்டியிருப்பேன் போல...

அப்போ... நானா?

விஷாகா, நான் உங்க அத்தைக்கு ஃபோன் போட்டு, "உங்க வம்ச லட்சணம் இப்பத்தான் தெரியுது, எங்க வம்சம் சுத்தத் தாமிரபரணித் தண்ணி"ன்னு சொல்லிட்டேனேடி! இனி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போவேன்? அப்பாகிட்ட மூச்சு விடாதே, டின்னர் முடியட்டும்... என்ன? ஸ்பீக்கர்லயா?...

என்னங்க... பின்னாடியா நின்னீங்க?... எவ்ளோ நேரமா?...

விஷாகா, லைன்லயே இரு... அழலைடி அவரு... பாவாடையைக் கழட்டறாரு. உள்ள வேட்டி கட்டியிருக்காரு. குளிருக்காம்... மடிச்சு என் கைல குடுக்கறாரு... "இந்தா, உங்க வம்சத்துது"ங்கறாரு. உப்புமா மூட்டையையும் குடுக்கறாரு...

நான் எதுக்குங்க போகணும்? போக மாட்டேன்... டிக்கெட் வாங்கியாச்சா?... கம்பளித் துணிதான், கதகதப்பாத்தான் இருக்கு... ஐயே, விடுங்க! நீங்க கட்டிவிட வேணாம்! எங்க ஆளுங்க கொசுவம் பின்னாடிதான் வெப்பாங்க!... வெக்கறேண்டி.