பொறியாளர் எங்கே போனார்

தாடியைப் பற்றிக் கேட்டீர்கள். அதிலிருந்தே ஆரம்பிக்கலாம், எனக்கும் அது வசதி. இதற்கு மூன்று வயது ஆகிறது. அதற்கு முன் இருபத்தாறு வருடம் தினமும் காலையில் மழுங்கச் சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போனவன் நான். நகர ஆவணக் காப்பகத்தில் தலைமைக் காப்பாளர். பதவியின் பெயர் பெரிதாக இருக்கும். யாரும் கேட்காத காகிதங்களை யாரும் எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

தாடிக்குக் காரணம் என் மைத்துனன், மனைவியின் தம்பி. மர்ம நாவல் எழுதுகிறான். 'தண்ணீர்க் கோபுரத்தின் கைதி' என்ற அவனுடைய புத்தகத்தை நீங்களும் படித்திருப்பீர்கள், ஐயா. வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலரின் இழுப்பறையில் ஒன்று கிடப்பதை வரும்போதே பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு அத்தியாயம், ஒவ்வொன்றும் இரண்டு பக்கம். ஒவ்வொன்றின் முடிவிலும் விளக்கு அணையும், இல்லையென்றால் தொலைபேசி அடிக்கும், இரண்டுக்கும் வழியில்லை என்றால் கதாநாயகனான பேராசிரியர் எதையோ பார்த்து உறைந்துபோவார். அவருக்கு ஒன்பது மொழி தெரியும். ஐம்பத்தைந்து வயதில் கூரைக்குக் கூரை தாவுவார். சாப்பிட மாட்டார், தூங்க மாட்டார், இருநூறு பக்கத்தில் ஒரு தடவைகூடக் கழிப்பறைக்குப் போகவில்லை.

கதைக்கு அடிப்படை உண்மையில் நடந்தது. நூற்றுப்பத்து வருடத்துக்கு முன் இந்த நகரத்தின் தண்ணீர்க் கோபுரத்தைக் கட்டிய பொறியாளர், திறப்பு விழாவுக்கு முதல் நாள் மாலை, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கோபுரத்துக்குள் போனார். வெளியே வரவில்லை. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. உடைத்துப் பார்த்தால் மேல்படியில் அவருடைய தொப்பியும் கைத்தடியும் இருந்தன, ஆளைக் காணோம். சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள் என்றது ஒரு கூட்டம். தொட்டிக்குள் கரைத்துவிட்டார்கள் என்றது இன்னொரு கூட்டம், ஆனால் அவர்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். மைத்துனன் தன் பங்குக்குச் சாம்பல் நிறக் கையுறை போட்ட ரகசியச் சங்கம் ஒன்றைக் கொண்டுவந்தான்.

அவனுக்குத் தேவையான பழைய காகிதங்களை எல்லாம் தேடிக் கொடுத்தவன் நான். அந்த நன்றிக்கு எழுபத்தோராம் அத்தியாயத்தில் என்னைப் போட்டான். வெண்தாடி வைத்த ஆவணக் காப்பாளர் ஒருவர் இரும்புக் கதவைத் திறந்து, "உண்மை தூங்காது, பேராசிரியரே. பெட்டிக்குள் காத்திருக்கும்" என்று சொல்வார். நான் வாழ்க்கையில் அப்படிப் பேசியதே இல்லை. ஆனால் புத்தகம் வந்த மூன்றாம் மாதம் வாசிப்பறைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கல்லூரி மாணவிகள், ஓய்வுபெற்ற வக்கீல்கள், தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடிகூட. என் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தாடி எங்கே என்று ஒரு மாணவி கேட்டாள், அவள் முகம் வாடிவிட்டது. வாசகர்களை ஏமாற்றக் கூடாது என்பதற்காகத்தான் வளர்த்தேன்.

இப்போது சங்கிலியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் சங்கிலி பிடித்து அளந்து ஓய்வுபெற்றவர். அதனால் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர். வாரத்துக்கு இரண்டு நாள் வருவார், ஜன்னலோர மேசையில் உட்காருவார். சொந்தப் பூதக்கண்ணாடி, சொந்தப் பென்சில். இந்த நகரத்துச் சாக்கடைகளின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். அதை யார் படிப்பார்கள் என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. கொடுத்த காகிதத்தைக் கொடுத்த வரிசையிலேயே திருப்பித் தருகிறவர் அவர் ஒருவர்தான். எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை உண்மையானது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு புதன்கிழமை காலை இரண்டு வரைபடங்களை என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.

"சார், இந்த வடக்குக் குறியைப் பாருங்க" என்றார்.

வரைபடத்தின் மூலையில் வடக்கு எந்தப் பக்கம் என்று காட்ட ஓர் அம்பு போடுவார்கள். அதில் வரைகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு என்று அவர் விளக்கினார். பொறியாளரின் அம்புக்கு மீன்வால் இருந்தது, வாலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி. கோபுரத்தின் நாற்பத்தொரு வரைபடங்களிலும் அதேதான். இரண்டாவது காகிதம், அவர் காணாமல் போய் இருபத்திரண்டு வருடம் கழித்துப் பக்கத்து நகரத்திலிருந்து வந்த ஒரு புகார்; அந்த ஊர்ச் சாக்கடையும் அப்போது எங்கள் நகராட்சியின் பொறுப்பு. சைக்கிள் கடைக்காரர் ஒருவர், தன் கடைக்கு முன்னால் சாக்கடையின் சாய்வு தப்பு என்று நாலு பக்கம் எழுதி, அளவு பிசகாத வரைபடமும் இணைத்திருந்தார். அதே மீன்வால், அதே இரண்டு புள்ளி, எழுத்தும் அதே கை. கடைசிப் பக்கத்தில், குழாயின் சாய்வைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று ஒரு வரி.

கதவு உள்ளே தாழிட்டிருந்ததற்கும் அவரிடம் பதில் இருந்தது. தொட்டி நிரம்பி வழிந்தால் தண்ணீர் போவதற்குக் கோபுரத்தின் அடித்தளத்தில் பின்பக்கமாக மூன்றடி அகலத்தில் ஒரு குழாய். திறப்பு விழாவுக்கு முன் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அவரே வரைந்த குழாய், அவரே தவழ்ந்து போய்விட்டார்.

"வீட்டுக்குத் திரும்பிப் போகப் பிடிக்கல போல, பாவம்" என்று சங்கிலியம்மா சிரித்தார். "ஓடிப் போயும் மனுஷனால சாக்கடையைச் சும்மா விட முடியல பாருங்க."

யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். "அந்தப் புத்தகத்துல நீங்கதானே வர்றீங்க. உங்ககிட்ட முதல்ல சொல்றதுதான் மரியாதைன்னு தோணுச்சு." நில அளவையாளர் சங்கத்தின் காலாண்டு இதழில் எழுதப்போவதாகச் சொன்னார். நாலு பக்கம் போதுமாம்.

நூற்றுப்பத்து வருட மர்மத்துக்கு நாலு பக்கம். ஒரு தடவைகூட விளக்கு அணையாது. அந்தப் புகார் இருபத்தேழு வருடமாக என் கட்டுப்பாட்டில், நான் தினமும் கடந்துபோகிற பெட்டியில் இருந்திருக்கிறது. பெட்டிக்குள் காத்திருந்த உண்மையைக் காப்பாளர் ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை என்று ஊர் சிரிக்கும். ஆனால் நான் என்னைப் பற்றி யோசிக்கவில்லை, ஐயா. அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற வாசகர்களை நினைத்தேன். அவர்களிடம் போய் சைக்கிள் கடை என்று எப்படிச் சொல்வது.

குழாயின் மூல வரைபடத்தையும் பார்த்துவிட்டால் கட்டுரைக்குப் பலம் என்று சொன்னேன். அது நிலவறையில், நாலாம் வரிசையில் இருக்கிறது. வெளியாட்கள் அங்கே போகக் கூடாது. உங்களுக்காகச் சிறப்பு அனுமதி என்று சீட்டில் கையெழுத்துப் போட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார்.

எங்கள் நிலவறை அடுக்குகள் தண்டவாளத்தில் ஓடுகிறவை. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கும். வேண்டிய இடத்தில் சக்கரத்தைச் சுற்றினால் விலகி வழி விடும். ஓர் அடுக்கு இரண்டரை டன். ஆனால் பற்சக்கரங்கள் அருமையானவை, இரண்டு விரலால் சுற்றலாம். உள்ளே போகிறவர் சுவர்ப் பலகையிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்துச் சக்கரத்தின் கைப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வில்லை தொங்கினால் யாரும் சக்கரத்தைத் தொடக் கூடாது. இந்த விதியை எழுதியவன் நானே. அதன்பின் பதினொரு வருடம் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பதினொன்றரை மணிக்குத் தேநீர் வேளை, மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தார்கள். நான் அவருக்கு வழி காட்டிக் கூடப் போனேன். அவர் வில்லையை மாட்டினார். சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். நான் வில்லையை எடுத்துப் பலகையில் அதற்குரிய ஆணியில் மாட்டினேன். சக்கரத்தைச் சுற்றினேன்.

மெதுவாகத்தான் சுற்றினேன். வேகமாகச் சுற்றினால் விளிம்பில் இருக்கும் வரைபடங்கள் மடங்கிவிடும். அவர் கத்தவில்லை. "சார், உள்ள நான் இருக்கேன்" என்றார். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். இன்னொரு தடவையும் அதையே பொறுமையாகச் சொன்னார். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

மேலே வந்தபோது இரண்டு வாசகர்கள் காத்திருந்தார்கள். படம் எடுத்துக்கொண்டோம்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். அந்தப் புகாரை நான் எரிக்கவில்லை. என் வாழ்நாளில் ஓர் ஆவணத்தையும் அழித்தவன் இல்லை, அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன். நாய் உரிமம் கேட்டு வந்த விண்ணப்பங்களின் பெட்டியில் வைத்தேன். தப்பான பெட்டிக்குப் போன காகிதம் எரிந்த காகிதத்தைவிட ஒழுங்காகச் செத்துப்போகும்.

விசாரணை நடந்தது. வில்லை பலகையில் இருந்ததால், அந்த அம்மா மாட்ட மறந்துவிட்டார் என்று முடிவானது. சக்கரத்தைச் சுற்றியது யார் என்பது மட்டும் தெரியவில்லை. காப்பகத்தில் வேலை பார்க்கும் ஐந்து பேரும் நான் இல்லை என்றோம். நான் மேலே என் நாற்காலியில் இருந்ததாகச் சொன்னேன். யாரோ தெரியாமல் சுற்றிவிட்டுச் சொல்லப் பயப்படுகிறார்கள் என்று மேலிடத்துப் பெரியவர்கள் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். அறிக்கையை நான் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'இறந்தவரின் கவனக்குறைவு' என்று போட்டேன்.

அவருக்கு ஒரு மகள், மருந்துக்கடை வைத்திருக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடையைப் பூட்டிவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். நஷ்டஈடு கேட்கவில்லை, யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை.

"எங்கம்மா கேஸ் அடுப்பை அணைச்சுட்டேனான்னு மூணு தடவை எழுந்து போய்ப் பாக்கிறவங்க, சார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க. கவனக்குறைவுன்னு இருக்கே, அதை மட்டும்."

தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, ஆவணத்தில் ஏறியதை யாராலும் மாற்ற முடியாது என்று ஒவ்வொரு தடவையும் பொறுமையாக விளக்கினேன். எண்பது திங்கட்கிழமை இருக்கும். எனக்கும் வேலை கெட்டது.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மைத்துனனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், பொறியாளர் எங்கே போனார் என்று யாராவது கண்டுபிடித்துவிட்டால் உன் புத்தகம் என்ன ஆகும் என்று. அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தாராளமா கண்டுபிடிக்கட்டும், அத்தான். 'விடை கிடைத்தும் தீராத மர்மம்'னு பின்னட்டையில போட்டு இன்னும் ரெண்டு பதிப்பு அடிச்சுடலாம்."

சரித்திரத்தின் அருமை அவனுக்குத் தெரியாது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் அவனுடைய அடுத்த நாவல். அந்த மகள் என்னிடம் கேட்டுக் கேட்டு அலுத்து, கடைசியில் அவனிடம் போய் அழுதிருக்கிறார். அவனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பூட்டிய நிலவறை, நகரும் அடுக்கு, சுற்றியது யார் என்று தெரியாத சக்கரம். எண்பத்தெட்டு அத்தியாயம் எழுதி, விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லிப் போன வாரம் என் கையில் கொடுத்தான்.

கொலைகாரன் ஆறரை அடி உயரம், சாம்பல் கையுறை. காற்றுத்துளை வழியாக இறங்குகிறான். எங்கள் காற்றுத்துளையில் பூனை நுழையாது. அது போகட்டும். பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள், காகிதம் மடித்து வைத்திருக்கிறேன். கொலைகாரன் காப்பாளரின் மேசையை இரண்டு தடவை கடந்துபோகிறான். காப்பாளர் நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். நான் நாற்காலியில் இருந்தேன் என்று விசாரணையில் சொன்னதை எடுத்து இப்படிப் பண்ணிவைத்திருக்கிறான். அறுபதாம் அத்தியாயத்தில் பேராசிரியர் அவர் முதுகில் தட்டி, உங்கள் மேல் தப்பில்லை பெரியவரே என்கிறார்.

இது சரியாக வரவில்லையே, காப்பாளரே ஏன் செய்திருக்கக் கூடாது என்று கேட்டேன். அவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"நீங்களா? அத்தான், அப்படி எழுதினா எவன் நம்புவான்? இந்த ஆளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏதுன்னு புத்தகத்தைத் தூக்கிப் போட்டுடுவாங்க."

உள்ளே சமையலறையில் என் மனைவியும் சிரித்தாள். முப்பது வருடமாகக் கூட இருப்பவள். எனக்குக் கோபம் வந்தது என்று எழுதாதீர்கள். மனசாட்சி உறுத்தியது என்று எழுதுங்கள்.

நீங்களும் அரை மணி நேரமாக என்னை வீட்டுக்குப் போகச் சொல்கிறீர்கள், உடம்புக்கு முடியவில்லையா என்கிறீர்கள். அதனால் பெட்டி எண்ணை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நாய் உரிமம், பதினெட்டாம் பெட்டி, மேலிருந்து ஆறாவது காகிதம். ஆளை அனுப்பிப் பாருங்கள். அந்த மகள் கேட்ட வார்த்தையையும் இதோடு அடித்துவிடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இனி நான் சொல்வதை அப்படியே எழுதுங்கள், பதவியை முழுதாகப் போடுங்கள். நகர ஆவணக் காப்பகத்தின் தலைமைக் காப்பாளராகிய நான், நாலாம் வரிசையில் அந்த அம்மா உள்ளே இருப்பது தெரிந்தே சக்கரத்தைச் சுற்றி அவரைக் கொன்றேன். விழித்திருந்தேன். யாருடைய உதவியும் இல்லை. கீழே கையெழுத்துப் போடுகிறேன். நாவல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ஐயா. வியாழக்கிழமைக்குள் இதில் ஒரு நகல் அவன் கைக்குப் போய்விட்டால், பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் திருத்திவிடுவான்.