சால்வை ஓட்டையில் தெரிந்த எழுத்து

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அஸ்ரெஸ் அவர்களே, கல்வி அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, கூடாரம் போட்டு, ஓயாமல் காப்பி காய்ச்சிக்கொண்டிருக்கும், சாவு வீடுகளுக்குத் தோள் கொடுக்கும் ஈதிர் சங்கத்துச் சகோதரிகளே, பிள்ளைகளைப் பெற்றவர்களே, உங்கள் துக்கத்துக்கு என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் முலுநேஷ் கெல்லாவ் அவர்களை ‘எழுத்துகளின் தாய்’ என்றார்கள். நல்ல பட்டம். அவர் உயிரோடு இருந்தபோது யாராவது இதை அவரிடம் சொன்னீர்களா? அவரோடு வேலை பார்த்த ஆசிரியை நான், அழுவதற்குத்தான் எழுந்தேன். அதைக் கேட்டதும் கோபம் வந்துவிட்டது. துக்கக் கூடாரத்தில் கோபம் முறையல்ல என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். மனது கேட்கவில்லை. முதல் வகுப்பிலிருந்து அவரை எடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு நிலையான ஆசிரியர் இல்லை. திங்கட்கிழமை காலை அவர்கள் முன்னால் யார் நிற்கப்போகிறார்கள்? இந்த மேடையில் யாருக்காவது தெரியுமா?

நம் பள்ளியில் முதல் வகுப்பு யாருக்குக் கிடைக்கும்? தாமதமாக வருகிறவருக்கு. தலைமையாசிரியரை எதிர்த்துப் பேசுகிறவருக்கு. ஆசிரியர் அறையில் யாருக்காவது அந்த வகுப்பு விழுந்தால், “என்னப்பா தப்பு பண்ணினே?” என்று கேட்டுச் சிரிக்கிறோம். முலுநேஷ் டீச்சர் அதை வருடா வருடம் கேட்டு வாங்கினார்.

நம் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சுவரில் நம் அம்ஹாரிக் எழுத்து அட்டை. ஒரு பிள்ளை குச்சியால் தொட, எல்லோரும் பாடுவார்கள்: ஹ, ஹு, ஹி. கடைசி எழுத்து வரை தடங்கல் இருக்காது. லக்கெச் என்றொரு சிறுமி கண்ணை மூடிக்கொண்டே பாடுவாள். அவள் அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் காட்டினார்.

ஒரு நாள் முலுநேஷ் டீச்சர் தன் வெள்ளைச் சால்வையை அட்டையின் மேல் தொங்கவிட்டார். அதில் ஓர் எழுத்து தெரியும் அளவுக்கு பிளேடால் ஓட்டை போட்டிருந்தார். நல்ல சால்வை. கோயிலுக்குப் போட்டுப் போவது.

“லக்கெச், இது என்ன எழுத்து?”

“அது எந்த வரிசையில இருக்கு டீச்சர்? சொல்லுங்க, சொல்லிடுறேன்.”

“வரிசை தெரியாட்டி எழுத்து தெரியாதா கண்ணு?”

“வரிசை தெரிஞ்சா எல்லாம் தெரியும் டீச்சர்.”

அன்று மாலை என்னிடம் வந்து சொன்னார்: “வாயில பாட்டு இருக்கு, கண்ணுல எழுத்து இல்லடி. இத்தனை நாளா நாம இவங்களை ஏமாத்திட்டு இருக்கோம்.”

பிறகு பாட்டை நிறுத்தினார். பிள்ளைகளையே எழுத்தாக நிற்க வைத்தார். இரண்டு கால் ஊன்றி நின்றால் ‘ல’. இடுப்பிலிருந்து கையை நீட்டினால் ‘லு’. ஒரு காலுக்கு மட்டும் செருப்பு மாட்டினால் ‘லி’. நின்று பார்த்த எழுத்தை மண்ணில் விரலால் எழுத வைத்தார். சால்வையை நகர்த்தி நகர்த்திக் கேட்டார். மெதுவாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

அப்போதுதான் அலுவலகத்திலிருந்து பார்வையிட வந்தார்கள். ஓட்டையில் ‘லு’ தெரிந்தது. லக்கெச் யோசித்தாள், எழுந்தாள், இடுப்பிலிருந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டு, “லு” என்றாள். வந்தவர் சிரித்தார்.

“இது வகுப்பா, நாட்டியமாம்மா? ஹ, ஹு சொல்லச் சொல்லுங்க.”

“நீங்களே ஏதாவது ஒரு எழுத்தைக் காட்டிக் கேளுங்கய்யா.”

“எனக்கு நேரமில்ல. வரிசையா பாடச் சொல்லுங்க.”

“பாட்டுக் கேக்கணும்னா திருவிழாவுக்குப் போங்க. இங்க படிச்சிட்டிருக்காங்க.”

அவர் நாக்கு அப்படித்தான். அதை நான் பூசி மெழுகிப் பேச மாட்டேன்.

லக்கெச்சின் அப்பா பள்ளிக்கு வந்து கத்தினார்: “கடகடன்னு சொல்லிட்டிருந்த பொண்ணைத் திக்க வெச்சுட்டீங்களே!” தலைமையாசிரியர், “பிள்ளைங்களைக் குழப்பாதீங்க டீச்சர்” என்று சொல்லி, வகுப்பை வாங்கிக்கொண்டு புத்தகக் கிடங்கின் சாவியைக் கையில் கொடுத்தார். மறுநாளே வகுப்பில் பாட்டு திரும்பிவிட்டது. கிடங்கு வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே முலுநேஷ் டீச்சர் என்னிடம் சொன்னார்: “பிரிக்காத புத்தகக் கட்டு உள்ள, படிக்கத் தெரியாத பிள்ளைங்க வெளிய. ரெண்டுக்கும் நடுவுல என்னைப் பூட்டு மாதிரி போட்டிருக்கான் பாரு அந்த அஸ்ரெஸ்.”

அவர் இதயம் நின்றதற்கு நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. அவர் வகுப்பை நிறுத்தியதற்குச் சொல்கிறேன். அதைச் செய்தவர்கள் அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு இதோ இந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சற்று முன் தலைமையாசிரியர் ஓர் அறிவிப்புச் செய்தார். முதல் வகுப்பறைக்கு முலுநேஷ் டீச்சர் பெயர் வைக்கப்போகிறார்களாம். பலகைகூடத் தயாராம். ஐயா, அதை இப்போது மாட்டாதீர்கள். மாட்டினால் என்ன நடக்கும்? வாசலில் யாராவது நின்று ‘முலுநேஷ், முலுநேஷ்’ என்று சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளைகளும் பாடுவார்கள். அதைவிடப் பெரிய அவமானம் அவருக்கு வேறு இல்லை.

ஏழாம் வகுப்பில் புவியியல் எடுக்கிறவள் நான். திங்கட்கிழமையிலிருந்து முதல் வகுப்புக்குப் போகிறேன். இதை அனுமதியாகக் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். பலகையை என்னிடம் கொடுங்கள். துணி சுற்றி என் அலமாரியில் வைத்திருப்பேன். நம் எழுத்தில் அந்தப் பெயர் நாலே எழுத்து. யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு பிள்ளை அந்த நாலையும் பார்த்து, தானாக வாசிக்கட்டும்.

அன்றைக்கு ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு நீங்கள் எல்லோரும் வாருங்கள்.