விளக்குக்காரர் திரும்பிப் பார்ப்பதில்லை

அந்த நாற்காலி வேண்டாம். போன ஈஸ்டரின்போது அதன் ஸ்பிரிங் ஒன்று எங்கள் பாதிரியாரைக் குத்தி, பாதிரியார் வாயில் வரக்கூடாத ஒரு சொல்லை வரவழைத்துவிட்டது. ஜன்னலோரம் உட்காருங்கள். இந்த வொர்திங் ஊரில் கடல் பாதி நாள் மூடுபனிக்குள்தான் இருக்கும். தெரியாவிட்டாலும் பெரிய இழப்பில்லை.

உங்கள் ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'விளக்குக்காரர்' தொலைக்காட்சித் தொடரில் இன்று உலகில் எங்குமே கிடைக்காத பகுதிகள் நாற்பத்தொன்று என்று பட்டியல் போட்டிருக்கிறீர்கள். அதன் கீழே, அடிக்குறிப்பில், ஒரு சந்தேகம். கறுப்பு வெள்ளைக் காலத்தில் விளக்குக்காரரை விட்டுப் பிரிந்த துணைவர்கள் நான்கு பேர். அவர்கள் விடைபெறும் நான்கு பகுதிகளும் தொலைந்த பட்டியலில் இருக்கின்றன. இது தற்செயலா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை வருடத்தில் இதைக் கவனித்த முதல் ஆள் நீங்கள். ரசிகர்கள் எல்லோரும் பூதங்கள் வரும் பகுதிகளைத்தான் தேடினார்கள்.

உங்கள் ஒலிப்பதிவுக் கருவிக்காக முதலிலிருந்து சொல்கிறேன். என் பெயர் ரோலண்ட் கெட்லி. எண்பத்திரண்டு வயது. முதலில் அந்தத் தொடரின் கதைகளைச் சீர்செய்பவனாகவும், பிறகு தயாரிப்பாளனாகவும் இருந்தேன். ஒரு கலங்கரை விளக்கம் நட்சத்திரங்களுக்கு நடுவே அலைகிறது. அதைக் காக்கும் கிழவர் ஒருவர். கதவைத் தட்டுகிற யாராவது ஓரிருவர் அவரோடு பயணம் செய்கிறார்கள். பூதங்களைக் குளியலறைக் கால்மிதிகளை வெட்டிச் செய்தோம். வாரம் எண்பது லட்சம் பேர் பார்த்தார்கள். நாடு அப்போது நிறைய விஷயங்களை நம்பத் தயாராக இருந்தது.

விளக்குக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட வந்தவர் பிரியும்போது அவர் விடை சொல்வதில்லை. முதுகைக் காட்டியபடி படியேறிப் போய் விளக்கின் திரியைச் சரிசெய்வார். அடுத்த வாரம் புதிதாக ஒருவர் வந்து, "எனக்கு முன்னாடி இந்த ரூம்ல யாரு இருந்தாங்க?" என்று கேட்பார். பதில் வராது. போனவர் பெயர் பிறகு ஒருநாளும் சொல்லப்படாது. இதைப் பற்றி ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கட்டுரையே வந்திருக்கிறது. சொல்லாத துயரத்தின் அழகு என்று எழுதியிருந்தார்கள்.

உண்மை என்னவென்றால், முதல் துணைவராக நடித்த சிரில் என்பவருக்கு, கடைசிக் காட்சி எடுக்க வேண்டிய அன்று பொன்னுக்கு வீங்கி. கன்னம் இரண்டும் பூசணிக்காய். ஆளில்லாத கதவுக்கு எப்படி விடை சொல்வது? கிழவரைத் திருப்பிப் படியேற்றி விட்டேன். மக்கள் அழுது கடிதம் எழுதினார்கள். உடனே அதைத் தொடரின் விதிப் புத்தகத்தில், ஏதோ இரவெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்தவன் போல, எழுதிச் சேர்த்துவிட்டேன்: விளக்குக்காரர் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிறகு அது வசதியாகவும் இருந்தது. ஒருத்தியை, இரண்டு நாள் பழகிய ஒரு தாடிக்கார அரசனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். இன்னொருவரைக் கடிதம் போட்டுவிட்டு வரச் சொல்லி இறக்கிவிட்டு, அவர் வருவதற்குள் புறப்பட்டோம். அந்தக் கிரகத்தில் தபால்பெட்டி கிடையாது. யாரும் குறை சொல்லவில்லை.

நான்காவதாகப் பிரிந்தவள் டிலிஸ் ப்ரோபர்ட். தொடரில் அவளுக்குப் பெத் என்று பெயர். வேல்ஸில் லனெத்லி என்ற ஊரிலிருந்து வந்த பெண். மூன்று வருடம் எங்களோடு இருந்தாள். சிரிப்பதற்கு முன்னால் மூக்கைத் துடைத்துக்கொள்வாள். இதைச் சொல்வதில் பொருளில்லைதான். கருவி ஓடுகிறது, இருக்கட்டும்.

1969ஆம் வருடம் மார்ச் மாதம், எங்கள் கேண்டீனில், பட்டாணிக் கஞ்சி ஆறிக்கொண்டிருக்கும்போது, என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று அவளிடம் கேட்டேன். மற்றவர்களுக்குப் பக்கம் பக்கமாக வசனம் எழுதிக்கொடுத்தவன், என் முறை வந்தபோது, வாடகை வீட்டின் கூரை ஒழுகாது என்பதிலிருந்து தொடங்கினேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "கெட்லி, நீங்க நல்ல மனுஷன்தான். ஆனா உங்ககூட மூணு வருஷம் குடும்பம் நடத்துனா என்னையும் ஏதாவது ஒரு கிரகத்துல எறக்கி விட்டுட்டுப் போயிருவீங்க."

"நான் அப்படிப்பட்டவன் இல்ல."

"எழுதுறது பூரா அப்படித்தான எழுதுறீங்க. எங்க ஊர்ல ஒரு மாட்டு வைத்தியர் இருக்காரு. மாட்டுக்கு ஊசி போட்டாக்கூட 'போயிட்டு வர்றேன்'னு அதுகிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்புவாரு. ஜூன்ல எங்களுக்குக் கல்யாணம்."

மாடுகளோடு என்னால் போட்டி போட முடியாது. வாழ்த்துச் சொன்னேன். அப்போது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "என் கடைசிக் காட்சியில விளக்குக்காரர் ஒரு தடவ திரும்பிப் பாக்கட்டும். என் பேரச் சொல்லட்டும். சிரிலும் மத்தவங்களும் போனப்ப யாருமே ஒண்ணும் சொல்லலியே. வீட்டுக்குப் போய் அழுதாங்க, உங்களுக்குத் தெரியுமா?"

"விதிப் புத்தகத்துல அதுக்கு இடமில்ல, டிலிஸ்."

"அத எழுதுனது யாரு, மோசேயா?"

நான் சிரித்தேன். காட்சியை மாற்றவில்லை.

படப்பிடிப்பு அன்று, ஸ்டூடியோ விளக்குகளை அணைக்க நான்கு நிமிடம் இருந்தது. நேரம் முடிந்தால் மின்பணியாளர்கள் அணைத்துவிடுவார்கள். மகாராணியே நடித்தாலும் அணைத்துவிடுவார்கள். விளக்குக்காரராக நடித்தவர் ஆம்ப்ரோஸ் ஃபென்விக். நல்ல குடிகாரர், ஆனால் வசனத்தில் ஒரு எழுத்துப் பிசகமாட்டார். அன்று நான்காவது படியில் நின்றார். திரும்பினார். பெத் என்றுகூடச் சொல்லவில்லை.

"டிலிஸ், கடைசிப் படி ஆடுது. பாத்து எறங்கு கண்ணு. நீ இருந்தவரைக்கும் விளக்குக்குத் திரியே தேவப்படல."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போயிட்டு வர்றேன்" என்றாள். இறங்கினாள். திரும்ப எடுக்க நேரமில்லை. அப்படியே ஒளிபரப்பானது.

ஆம்ப்ரோஸைப் பிறகு தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "எட்டு வருஷமா எனக்கு முதுகுலதான் நடிப்பு, தம்பி. ஒரு நாள் மூஞ்சிய வெச்சும் நடிச்சுப் பாத்தேன்" என்றார்.

இனி நாடாக்களுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் ஒளிபரப்பு முடிந்த நாடாவை யாரும் பொன்போல் காக்கவில்லை. அழித்துவிட்டு அதிலேயே வேறொன்றைப் பதிவு செய்வார்கள். அதற்கொரு படிவம் உண்டு. எதை வைப்பது, எதை அழிப்பது என்று தயாரிப்பாளர் குறி போட்டுக் கையெழுத்திட வேண்டும். 1972இல் என் மேசைக்கு வந்தது. டிலிஸின் கடைசிப் பகுதிக்கு எதிரே 'இனிப் பயனில்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். கோபத்தில் செய்யவில்லை. அன்று நன்றாகச் சாப்பிட்டிருந்தேன். விதிக்கு மாறான ஒரு பகுதி. தொடரின் ஒழுங்குக்கு அது நல்லதல்ல. அது மட்டும் போனால் பாரபட்சமாகத் தெரியும் என்று மற்ற மூவர் விடைபெற்ற பகுதிகளுக்கும் குறி போட்டேன். சிரில்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அந்தக் கடைசிக் காட்சியில் அவர் இருக்கவேகூட இல்லை. நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்பதில் நான் எப்போதும் கவனமாக இருந்திருக்கிறேன். மிச்ச முப்பத்தேழும் மற்றவர்கள் போட்ட குறி.

டிலிஸின் நாடாவில் ஆடு மேய்க்கும் நாய்களின் போட்டி ஒன்றைப் பதிவு செய்தார்கள். பார்த்தேன். நல்ல நாய்.

1975இல் அவள் இறந்துபோனாள். முப்பத்தொரு வயது. ரத்தத்தில் ஏதோ நோய். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, மெரெரிட். நான் மலர்வளையம் அனுப்பினேன். அட்டையில் என்ன எழுதுவது என்று தெரியாமல் தொடரின் பெயரை எழுதினேன்.

மெரெரிட் என்னைத் தேடி வந்தது 1994இல். கல்லூரி விடுமுறை. தட்டையான வேல்ஸ் ரொட்டிகளை ஒரு டப்பாவில் கொண்டுவந்தாள். அப்போது நல்ல நாற்காலிகள் இருந்தன.

"சார், அம்மா போட்டோ எங்கிட்ட நெறைய இருக்கு. குரல்தான் இல்ல. அப்பா டேப்பெல்லாம் எடுத்து வெக்கல. மாட்ட மட்டும்தான் படம் புடிச்சு வெச்சிருக்காரு."

"மாட்டு வைத்தியர் இல்லியா, அப்படித்தான்."

"நீங்களும் அப்படித்தான் சொல்றீங்க." சிரித்தாள். மூக்கைத் துடைக்கவில்லை, அந்தப் பழக்கம் அவளுக்கு வரவில்லை. "எனக்குத் தாலாட்டுப் பாடியிருப்பாங்கதான? எவ்ளோ யோசிச்சாலும் ஒரு சத்தங்கூட வர மாட்டேங்குது. அந்தக் கடைசி பகுதி எங்கயாவது இருக்குமா சார்? ஒரு வார்த்த போதும்."

"உலகத்துல எங்கயுமே இல்லம்மா" என்றேன். "அந்தக் காலத்துல எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க."

அழித்துவிட்டார்கள். அழித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. இத்தனை வருடம் வசனம் எழுதியது வீண்போகவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னையே தேற்றினாள். "உங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். உங்க உழைப்பு பூரா போச்சே." போகும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். அதன்பின் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அட்டை வரும். உள்ளே ஒரே வரி: "ஏதாவது கிடைச்சுதா சார்?" நானும் தவறாமல் பதில் போட்டேன். பதினேழு அட்டை. 2004இல் வந்ததில் மட்டும் இன்னொரு வரி இருந்தது. "இந்த வருஷம் எனக்கு அம்மா வயசு ஆயிடுச்சு."

அந்த அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்துபாருங்கள். துணிக்கு அடியில் ஒரு தகர டப்பா இருக்கும். திறக்க வேண்டாம், இங்கிருந்தே வாடை வரும்.

தொடரை வெளிநாடுகளுக்கு விற்கும்போது நாடாவிலிருந்து படச்சுருளாக எடுத்து அனுப்புவது வழக்கம். மால்டாவுக்குப் போன ஒரு சுருள் 1978இல் திரும்பி வந்தது. டப்பாவின்மேல் என் பெயர் இருந்ததால் நேராக என்னிடமே வந்து சேர்ந்தது. டிலிஸின் கடைசிப் பகுதி. முழுதாக, ஒரு கீறல் இல்லாமல். மெரெரிட் இந்த அறையில் உட்கார்ந்து ரொட்டி டப்பாவைத் திறந்தபோது, அது அவளிடமிருந்து ஆறடி தூரத்தில் இருந்தது. படம்காட்டும் கருவி மாடியில் இருந்தது. திரைச்சீலையை மூடினால் பத்து நிமிடத்தில் காட்டியிருக்கலாம்.

வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில், நான் போட்டுப் பார்ப்பேன். இப்படிப்பட்ட சுருளைக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கடற்கரை வீட்டில், வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்து அலமாரியில் வைத்தால் அது மெல்லப் புளிக்கும், காடி வாடை அடிக்கும், சுருங்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1998இல் வாடை தொடங்கியது. 2001இல் கடைசியாக ஓடியது. குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல் இருந்தது. அதன்பிறகும் நான் அந்த அட்டைகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் டப்பாவைத் திறந்தேன். ஒரே கட்டி. உங்கள் ஆய்வுக்கூடத்தில் யாராலும் அதை இனிப் பிரிக்க முடியாது. தவறாக எதுவும் நம்ப வேண்டாம். மெரெரிட்டுக்கும் நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

ஆக, அந்தக் குரலை நான் இரண்டு முறை அழித்தேன். ஒருமுறை பேனாவால். இன்னொருமுறை ஒன்றுமே செய்யாமல்.

ஏன் என்று முகத்தாலேயே கேட்கிறீர்கள். நல்ல கேள்வி, வெட்கப்பட்டுக்கொண்டே சொல்கிறேன். டிலிஸ் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லும்போது ஆம்ப்ரோஸைப் பார்க்கவில்லை. அவருக்குமேல், உயரத்தில், கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடியைப் பார்க்கிறாள். அங்கேதான் நான் நின்றுகொண்டிருந்தேன். இருபத்து மூன்று முறை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என்னைத்தான் பார்த்தாள். அதை மெரெரிட்டிடம் காட்டியிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அம்மா யாரைப் பார்க்கிறாள் என்று மனதில் பட்டதைச் சொல்லியிருப்பாள். மற்றவர்களும் சொல்லியிருப்பார்கள். அவளுடைய தாயின் அந்தரங்கத்தைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு எனக்கு இருந்தது. அதை நான் சரியாகவே செய்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

அந்தக் கண்ணாடிக்குக் கீழே ஸ்டூடியோ கடிகாரம் மாட்டியிருந்தது உண்மைதான். விளக்கணைக்க எத்தனை நிமிடம் இருக்கிறது என்று நடிகர்கள் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். ஆனால் கடிகாரத்தை யாரும் அப்படிப் பார்க்கமாட்டார்கள்.