மாப்பிள்ளை ஏறிய மலை

— அந்தக் கைய விடுங்க அப்ரா! அவர்ட கைய விடுங்க எண்டு சொல்றன்!

— விட்டா விழுந்திருவன். இந்தப் பாறையத் தாண்டிட்டு விடுறன். நீங்க அங்கினயே நில்லுங்க மாப்பிள்ள. செருப்போட ஏறினா வழுக்கும்.

— கீழ பார்க்காத அப்ரா. இடக்கால அந்த வேரில வை. ஓம், அப்பிடித்தான். இந்தா, வந்திட்ட.

— தம்பி, உங்களுக்கு வெக்கமில்லையா? வாற மாசம் காவின் எழுதி நான் கலியாணம் முடிக்கப்போற பொண்ணு இவ. அவட கையப் புடிச்சிட்டு மலை முகட்டில நிக்கிறீங்க.

— ரெண்டு பக்கமும் பள்ளம் அண்ணன். புடிக்காம விட்டா வாற மாசம் முடிக்கிறதுக்குப் பொண்ணு இருக்கமாட்டா.

— பகிடி விடுறீங்களா?

— கிருஷாந்தன் பகிடி விடல்ல. அவன்ட கதையே அப்பிடித்தான். நீங்க சொல்லுங்க. சம்மாந்துறையில இருந்து மோட்டச் சைக்கிள்ல இவ்வளவு தூரம் வந்து, இந்த மழைக்க ஏறியிருக்கீங்க. என்னத்துக்கு?

— உங்களக் கீழ இறக்கிட்டுப் போறதுக்கு. உங்கட கூட்டாளி ஒருத்தி ஃபேஸ்புக்கில படம் போட்டிருக்கா. நடுவில நீங்க, பக்கத்தில இவர், தோள்ல கயிறு. எங்கட உம்மா பார்த்திட்டா. "றஸ்மி, யாரு மனே இந்தப் பொடியன்?" எண்டு கேக்கா. நான் என்னத்தச் சொல்ற?

— மலைக்கு வழி காட்டுற பொடியன் எண்டு சொல்றதுதானே. அதுதானே உண்ம. இவன் இந்தப் பக்கத்து மலையெல்லாம் ஆக்களக் கூட்டிட்டு ஏறுறவன்.

— அந்தக் கூட்டாளிமார் எங்க?

— கீழ வேனுக்குள்ள. அட்டை கடிச்சதும் ஒருத்தி அழத் தொடங்கிட்டா. மத்தவ மழையச் சாட்டிட்டு இறங்கிட்டா. நான் இறங்கல்ல.

— அப்ப தனிய இவரோட வந்திருக்கீங்க.

— ஓம். தனிய இவனோடதான் வந்திருக்கன்.

— அப்ரா, நான் அண்ணனுக்கு அந்த விசயத்தச் சொல்லட்டா?

— சொல்லாத கிருஷா. வாயப் பொத்திட்டு நில்லு.

— என்ன விசயம்? ரெண்டு பேரும் என்னத்த மறைக்கிறீங்க?

— அதுக்கு முதல்ல உங்கட காலப் பாருங்க மாப்பிள்ள.

— யா அல்லாஹ்! இது எப்ப ஏறின? ஒண்டில்ல, ஒரு கூட்டமே இருக்கு! தம்பி, இதுகள எடுங்க தம்பி!

— இழுக்காதீங்க அண்ணன், புண்ணாப் போகும். இந்தா, உப்புப் பொட்டலம் எறியிறன், புடிங்க. மேலால ஒத்துங்க, மறுகா அதுவாவே விழுந்திரும்.

— சிரிக்காதீங்க அப்ரா. இந்தப் பாழ்பட்ட மலையில உங்களுக்கு என்ன கிடக்கு? நான் கேக்கன், என்னதான் கிடக்கு?

— எங்கட வயல்ல நிண்டு மேற்க பார்த்தா இந்த மலைதான் நீலமாத் தெரியும். அந்தப் பக்கம் பெரிய தண்ணி விழுது எண்டு சொல்லுவாங்க. போகணும் எண்டு வாப்பாக்கிட்டக் கேட்டன். மாப்பிள்ளையோட போ எண்டார். மாப்பிள்ளக்கிட்டக் கேட்டன். என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

— நான் என்ன சொன்ன?

— "மலையும் கிலையும் எதுக்கு, அறுகம்பேக்குப் போய் ஐஸ்கிரீம் குடிச்சிட்டு வருவம்" எண்டீங்க.

— அது பிழையா? பொம்பிளைகள் போற இடமா இது? எனக்கே மூச்சு நிண்டு போயிட்டு. ஊரில யாரும் கண்டா என்ன கதைப்பாங்க?

— ஊர விடுங்க. நான் ஒண்டு கேக்கன், அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஒரு விளக்கமும் தராம, சாட்சி ஒண்டும் காட்டாம, "நான் பிழை செய்யல்ல" எண்டு சொன்னா நம்புவீங்களா?

— ஊரு நம்புமா?

— ஊரையா நான் முடிக்கப்போறன்? நீங்க நம்புவீங்களா?

— கண்ணால கண்டதுக்குப் பொறகு எப்பிடி நம்புற? விளக்கத்தச் சொல்லுங்க, பார்ப்பம்.

— சொல்லமாட்டன். இன்னொண்டும் கேட்டுக்கங்க. முடிச்சா நீங்க வந்து இருக்கப்போறது எங்கட வீட்டில. அந்த வீட்டுக் கதவத் தட்டாமலே உள்ள வாறவன் இவன். உம்மாட குசினியில சட்டியத் திறந்து பார்த்துச் சோறு போட்டுத் தின்னுறவன். நீங்க வந்தாப் பொறகும் அப்பிடித்தான் வருவான்.

— அப்ரா! வாய் நீளுது உனக்கு! இப்ப இறங்கினா இத மறந்திருவன். இல்லாட்டி இந்தக் கலியாணம் இல்ல. வெளங்குதா? கலியாணமே இல்ல!

— வெளங்குது. நான் இறங்கல்ல.

— போதும் புள்ள. நீ ஏசினாலும் பரவாயில்ல, நான் சொல்லத்தான் போறன். அண்ணன், எங்கட அம்மா சுனாமியில போயிட்டா. நான் அப்ப கைப்புள்ள. பாண்டிருப்பில இருந்து அப்பா என்னத் தூக்கிட்டு ஓடி, பள்ளிக்கூடத்து முகாமில கொண்டு போய் வெச்சார். பால்மா கரைச்சுக் குடுத்தா கக்கிருவனாம். அதே முகாமில இவட உம்மாவும் இவளக் கையில வெச்சிட்டு இருந்திருக்கா. ஒரு பக்கம் இவ, மத்தப் பக்கம் நான். அந்தப் பாலிலதான் நான் உயிரோட நிக்கன்.

— பால் குடுத்தவவா? ஒரு தரமா, ரெண்டு தரமா?

— மாசக்கணக்கா அண்ணன். பல்லு முளைச்சாப் பொறகு கடிச்சனாம். இப்பவும் சொல்லிச் சிரிப்பா.

— ஸுப்ஹானல்லாஹ்! அப்ப நீங்க பால்குடிச் சகோதரம். மார்க்கத்தில கூடப் பொறந்த நானாவும் தங்கச்சியும் மாதிரி. ரெண்டு பேரும் கலியாணம் முடிக்கவே ஏலா. கையப் புடிச்சாலும் குத்தமில்ல, சேர்ந்து பயணம் போனாலும் குத்தமில்ல. அப்ரா, இத முதலே சொல்லியிருக்கலாமே!

— சொல்லியிருந்தா?

— ஒரு பிரச்சினையும் வந்திருக்காதே! உம்மாக்கும் சொல்லலாம், ஊருக்கும் சொல்லலாம். ஆ, நடந்தத விடுங்க. நானும் வாறன். தண்ணி விழுறதச் சேர்ந்து பார்ப்பம்.

— மார்க்கத்த நம்பிட்டீங்க. நல்லம். என்ன நம்பச் சொல்லி நான் கெஞ்சாத குறையாக் கேட்டன், அப்ப ஏலாமப் போயிட்டு. எனக்கு நெஞ்சு நோகுது. ஆனா அழமாட்டன்.

— கோவிக்காதீங்க. செருப்பு வழுக்குது அப்ரா, இந்தப் பாறையத் தனியத் தாண்ட ஏலா. கொஞ்சம் கையக் குடுங்க.

— கிருஷா, நீ திரும்பிப் போய் இவரப் பக்குவமாக் கீழ கொண்டு போய் விட்டிட்டு வா. அந்த வளைவுக்கு அங்காலதானே தண்ணி, சத்தம் கேக்குது. நான் போறன்.

— தனியவா புள்ள?

— தனியத்தான்.

— அப்ரா, பகிடி வேணாம். கையக் குடுங்க.

— எப்பிடிக் குடுக்கிற, றஸ்மி? கலியாணம் இல்ல எண்டு நீங்கதானே சொன்ன. இந்த மலையில எனக்கு அந்நிய ஆம்புளை நீங்க ஒராள்தான்.